கைமாற்றுக் கார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று தங்கை விட்டுப் போனது. ஐந்தும் இந்த லண்டனில் யாரிடமும் கை நீட்டாமல் நிற்கின்றன. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

கடைசிப் பிள்ளை படித்துக்கொண்டிருந்த காலத்தில் மிச்சம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் கார் விற்கும் ஒரு பெரிய இடத்தில் வேலை செய்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளிச்சம், கோட்டுப் போட்ட பெடியள். பின்பக்கம் தகரக் கொட்டில். அங்கேதான் நாங்கள் கார் துப்புரவு செய்வது. வலெட்டிங் என்பார்கள். தண்ணீர் ஊற்றித் துடைப்பதோடு முடிகிற வேலை இல்லை அது. சனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய கார்களில் சிகரெட் சாம்பல் இருக்கும், பிள்ளை சத்தி எடுத்தது காய்ந்து கிடக்கும், சீட்டெல்லாம் நாய் மயிராக இருக்கும். நாய் மயிரை ஹூவர் மெஷின் இழுக்காது. ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாகத் தேய்த்தால் திரண்டு வரும். மாரிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வெடித்து, இரவில் போர்வை பட்டாலே எரியும்.

நாங்கள் நான்கு பேர். மூப்பு என்பதால் என்னைப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். மட்டக்களப்புப் பெட்டை ஒருத்தி, மின்னல் மாதிரி வேலை செய்வாள், இங்கிலீசும் அவளுக்குத்தான் ஓடும். போலந்துக்காரன் ஒருவன், அதிகம் பேசமாட்டான். மற்றது கிளிநொச்சிப் பக்கத்துத் தம்பி. ஐம்பதை நெருங்கிய ஆள். ஷெல் பட்டதில் வலது முழங்கால் மடங்காது. சீட்டுக்குக் கீழே துடைப்பதென்றால் சரிந்து படுத்துத்தான் துடைப்பார். ஆனால் துடைத்தால் துடைத்ததுதான்.

"அண்ணை காருக்குச் சவரம் எடுக்கிறார்" என்று பெட்டை பகிடி விடுவாள்.

"மாப்பிள்ளை ஆக்கித்தான் வெளியில விடுவன்" என்பார் அவர்.

மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வந்த மட்டும் அது பகிடியாகவே இருந்தது. பிறகு புது மனேஜர் வந்தான். முகத்தில் பால் மணம் மாறாத வெள்ளைப் பெடியன். எங்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். பெட்டையின் முகம் கறுத்துப்போனது.

"அன்ரி, இனி மணித்தியாலச் சம்பளம் இல்லையாம். முடிக்கிற காருக்குத்தான் காசாம். மாசம் முடிய டார்கெட் வராட்டி ஆளை நிப்பாட்டுவினமாம்."

"புதுக் காருக்கும் நாய்க் காருக்கும் ஒரே காசோ?"

"ஓம், ஒரே காசு."

ஆளுக்கொரு நிறத்தில் அட்டை தந்தார்கள். முடித்த காரின் கண்ணாடியில் அவரவர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். பின்னேரம் அவன் வந்து எண்ணுவான். எனக்குச் சிவப்பு, தம்பிக்கு மஞ்சள். அந்தக் கிழமையே நாங்கள் ஒருவருக்கொருவர் கள்ளர் ஆனோம். புதுக் காரின் திறப்பை எடுத்துப் பொக்கற்றில் ஒளித்துவைப்பது, நாய்க் காரை மற்றவன் பக்கம் தள்ளுவது. திறப்புக் கொத்து முழுவதையும் நான் என் கைக்கு எடுத்தேன். ஒரு லேசு, ஒரு கஷ்டம் என்று முறை வைத்தேன். சண்டை நின்றது. ஆனால் தம்பியின் கால் முறை வைத்தால் மடங்குமா? மஞ்சள் அட்டை எப்போதும் குறைவாகவே நின்றது.

அவருக்கு இந்த வேலை வெறும் சோறு இல்லை. மனைவியும் மகளும் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களை விசா எடுத்து இங்கே கூப்பிடுவதென்றால் இடைவெளி விடாமல் சம்பளத் துண்டு காட்ட வேண்டும். வேலை போனால் எல்லாம் முதலில் இருந்து.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் சொன்னேன், ஆளுக்கொரு காரை முடித்து மஞ்சள் அட்டையைப் போடுவோம் என்று. பெட்டை உடனே சம்மதித்தாள். போலந்துக்காரனுக்குக் கையால் காட்டினேன். தலையை ஆட்டினான். தம்பிதான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிச்சை எடுக்க நான் இஞ்ச வரேல்லை, அக்கா."

"ஆர் பிச்சை எண்டது? கைமாத்து எண்டு எடும்."

கைமாற்று என்றால் எங்கள் ஊர்களில் எழுத்தும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் திருப்பிக் கொடுக்காதவனை மனிதனாக எண்ணமாட்டார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அவர் இறங்கினார். மஞ்சள் அட்டை டார்கெட்டைத் தொட்டது.

மாரி தொடங்கிய பிறகு ஒரு காலை, நான் கை வைக்காத காரில் என் சிவப்பு அட்டை தொங்கியது. அடுத்ததில் பெட்டையின் நீலம். கார் ஏற்றி வரும் லொறிக்காக விடியவே கேட் திறப்பார்கள். தம்பி அதற்குள் நுழைந்து, பல்லுக் கிட்டும் குளிரில், எங்கள் பேரில் கார் துடைத்திருக்கிறார்.

"உமக்கென்ன விசரோ?" என்றேன்.

"வாங்கினதைக் குடுக்கிறன். குடுக்காட்டி என்னெண்டு உங்கட முகத்தில முழிக்கிறது?"

நிற்பாட்டச் சொன்னேன். கேட்கவில்லை. அந்த மாதம் அட்டைகள் நிறையத் தொங்கின. மனேஜர் சந்தோசத்தில் எங்களுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்து வைத்தான். பிஸ்கட் முடிய முன்னரே டார்கெட்டைக் கூட்டினான்.

"இவ்வளவு நாளும் நாங்கள் வேணுமெண்டே மெதுவா வேலை செய்திருக்கிறமாம், அன்ரி" என்றாள் பெட்டை.

உள்ளதைச் சொல்ல வழி இல்லை. ஒரு ஆள் சம்பளம் இல்லாமல் விடியற்புறத்தில் செய்த வேலை அது என்று சொன்னால், மஞ்சள் அட்டையின் கதையும் சேர்ந்து வெளியே வரும். அவரைத்தான் முதலில் கள்ளன் என்று அனுப்புவான். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தோம். கூட்டிய டார்கெட்டுக்கு எங்கள் கையே போதவில்லை. கைமாற்றுக் கொடுக்க யாரிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை.

மாதம் முடிந்ததும் மனேஜர் பெட்டையைக் கூப்பிட்டு, தம்பியிடம் தமிழில் சொல்லிவிடச் சொன்னான். அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். மகள் வயதுப் பிள்ளையின் வாயால் ஒரு ஆம்பிளை அதைக் கேட்கக் கூடாது. நானே போனேன். அவர் ஒரு காரின் கதவுப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளையில இருந்து வரவேண்டாமாம்."

கை நிற்கவில்லை. படியைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து, வாளி விளிம்பில் போட்டார்.

"உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு கார் பாக்கி கிடக்கு, அக்கா."

அடுத்த சனிக்கிழமை விடிய வந்து கேட்டில் நின்றார். இரண்டு காரைத் துடைத்துவிட்டுப் போகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பெட்டை போய்ச் சொன்னாள். கூலி இல்லாமல் வேலை கேட்டு வந்த ஆளை மனேஜர் கண்டதில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பான். கேட்டைப் பூட்டச் சொன்னான்.

நான் கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன்.

"உம்மட கணக்குத் தீர்ந்துது. வீட்டை போம்."

"நீங்கள் சொன்னால் தீருமோ, அக்கா?"

அந்தக் காலை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார். பிறகு நான் அவரைக் காணவில்லை. வடக்கு லண்டனில் எட்மண்டன் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்களா என்று இன்றைக்கும் தெரியாது. அவரின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மூன்று பேராகவே அந்த டார்கெட்டைச் செய்தோம், என் தோள்மூட்டு விடும் வரைக்கும்.

இவ்வளவும்தான். நான் சொல்லச் சொல்ல எழுதின பேத்தி பேனையை மூடப் பார்க்கிறாள்.

"பொறு மோனை. முதலில இருந்து ஒருக்கா வாசி. அந்த மனுசன்ர பேர் எங்கையும் தவறி வந்திட்டுதோ எண்டு நான் கேக்கோணும்."