ஆற்றுக்குள் வந்த மீனுக்குப் பசியில்லை

செவ்வாய்க்கிழமை காலை பாரிஸ் லாச்சப்பலில் என் கடையைத் திறந்து முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி யோகனின் மனைவி வசந்தி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். “அண்ணை, அவர் போயிட்டார்” என்றாள். “ஓம்” என்றேன்.

அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவனை ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையல்காரனாகத் தெரியும். திங்கட்கிழமை விடுமுறையில் அவன் வேறு ஆள். கார்ஜ் லே கொனெஸில் இருந்த தன் வீட்டிலிருந்து விடியவே காரை எடுத்து, நோர்மண்டிப் பக்கம் சால்மன் ஏறும் ஆறொன்றுக்குப் போய்விடுவான். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெரிய மீன் துள்ளியது. அந்த இடத்துக்கே தூண்டிலை எறிந்து எறிந்து என் தோள் கழன்றது. அவன் கரையில் இருந்து சிரித்தான்.

“குதிக்கிறதைப் பாத்து எறியிறவன் விசரன். அந்தா, கல்லுக்குப் பின்னாலை முதுகைக் காட்டிப் புரளுது பார், அதுதான் கவ்வும்” என்றான்.

பசித்தால் கவ்வும்தானே என்று கேட்டேன்.

“ஆத்துக்குள்ளை வந்த சால்மனுக்குப் பசியில்லை மச்சான். அது கோவத்திலைதான் கவ்வும்.”

தூண்டிலை அதன் மூக்குக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஓட விட்டான். மீன் ஒருமுறை சிலிர்த்ததும் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தான். பிறகு மறுபடி எறிந்தான். கவ்வியது. மீன் கிடைத்ததைவிட, தான் சொன்னது சரியாகப் போனதில்தான் அவனுக்குப் புளுகமும் சந்தோஷமும். வாதத்தில் அவன் விட்டுக்கொடுத்து நான் கண்டதேயில்லை.

நோய் முற்றியபோது அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். டாக்டர், கொஞ்சமாவது உள்ளே போனால்தான் அடுத்த மருந்தை ஏற்றலாம் என்றிருந்தார். வசந்தி கஞ்சிக் கிண்ணத்தோடு கெஞ்சினாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ அண்ணை” என்றாள்.

நான் அவனிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன்: “சால்மன் கவ்வுறது பசியிலைதான், தங்கச்சி. இவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?”

அவன் திரும்பினான். “உனக்கு மண்டைக்குள்ளை ஒண்டும் இல்லையோ?” என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. அவன் ஏசிக்கொண்டிருக்க, வசந்தி கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அரைக் கிண்ணம் போனது அவனுக்கே தெரியாது. நடைபாதைக்கு வந்து இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்த இரண்டு நாளும் ஏதாவது பிழையாகச் சொன்னேன். ஏசினான், விழுங்கினான்.

நாலாம் நாள் மறுபடியும், சால்மன் பசியில்தான் கவ்வுகிறது என்றேன். என்னை நெடுநேரம் பார்த்தான். கோபமே இல்லை.

“ஓம் மச்சான். நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்.”

வசந்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் படிக்கட்டுக்குப் போய் இருந்து அழுதேன்.

அவனை அறிந்தவர்களே, நான் சொன்னது பிழை. அவன் சொன்னதுதான் சரி. அதை அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. சொன்னால் அவன் போகப்போகிறான் என்பதை நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்து, சொல்லாமலே இருந்துவிட்டேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த “ஓம் மச்சான்” மட்டும்தான்.