இரண்டு பல்கலைக்கழகங்களும் வாப்பாவின் இடுப்பும்

பிசியோதெரபியில் முதுமாணிப் பட்டம் படிக்க எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று இங்கிலாந்தில். அதன் பெயரைச் சொன்னால் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி டாக்டர்மாரே கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். மற்றது கொழும்பில், சனி ஞாயிறு வகுப்பு. அதைச் சொன்னால் "அப்படியா" என்பார்கள்.

வாப்பாவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கண்டக்குழிக் கரையில் மீன் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் மகள் லண்டன் போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தார். அந்த ஊர் லண்டன் இல்லை என்றேன்.

"எல்லாம் ஒண்டுதான். பிளேன் அங்கதானே இறங்குது?"

செலவுக்கு எங்கள் பெரிய மீன்பிடி போட்டை விற்கவும் ஆள் பார்த்துவிட்டார். வாங்க வந்தவருக்கு என்ஜினைத் தூக்கிக் காட்டப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்தவரே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விறாந்தையில் படுக்க வைத்து, பிளேன்டீ குடித்துவிட்டு, போட்டைப் பற்றிப் பேசாமலே போனார். நான் வாப்பாவின் இடுப்பை அழுத்திவிடத் தொடங்கினேன்.

"மெதுவா அழுத்து மகள். லண்டன்ல படிச்சவங்க இப்படி அமத்த மாட்டாங்க."

"நான் இன்னும் போகல்லயே வாப்பா."

குப்புறப் படுத்தபடியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். "நீ போனா இத ஆரு பாக்கிற?"

"ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு."

"அவங்களுக்கு என்ட குணம் தெரியாது."

"தெரிஞ்சா அவங்களும் லண்டன் போயிடுவாங்க," என்றார் உம்மா குசினிக்குள்ளிருந்து.

எனக்கும் அந்தப் பெயர் மீது ஆசைதான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததும் உண்டு. ஆனால் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பாடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அங்கே கூடுதலாக இருந்தவை பனியும் பெயரும். அவற்றுக்காக ஒரு போட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொழும்புக்குச் சம்மதம் அனுப்பிவிட்டு, கண்ணாடி முன்னால் அந்தப் பெயரைக் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

முதல் சனிக்கிழமை துணைக்கென்று வாப்பாவும் இடுப்புப் பட்டியோடு பஸ் ஏறினார். வகுப்பு வாசலில் அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பதைக் கண்ட விரிவுரையாளர், "ஐயா, கொஞ்சம் உள்ள வாறீங்களா?" என்று கேட்டார்.

அன்றைய பாடத்துக்கு நோயாளி வாப்பாதான். எங்கே வலி என்று கேட்டதற்கு, வலியில் தொடங்கி போட், என்ஜின், வாங்க வந்தவர் என்று எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் கடைசி வரிசையில் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.