வெள்ளைக் கண் ஈக்கள்

என் அப்பா ஈக்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலையில் இருந்தார். சொன்னால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று 'ஆபீஸ் வேலை' என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். தாராவியில் ஈ இல்லாத வீடு கிடையாது. அவற்றுக்காக யாரும் தனியாக உலை வைப்பதில்லை.

டிராம்பே பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே பழத்தை மொய்க்கும் சின்ன ஈக்களை ஆயிரக்கணக்கான கண்ணாடிப் புட்டிகளில் வளர்த்தார்கள். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், மக்காச்சோள மாவையும் சர்க்கரையையும் ஈஸ்டையும் பெரிய அண்டாவில் கிண்டி, கூழாகப் புட்டிகளில் ஊற்றி, பஞ்சால் வாயை அடைத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை. அதற்கு முன்னால் ஒரு மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். "மனுசன் மாதிரி உப்பு பத்தல, காரம் பத்தலன்னு ஈ சொல்லாது பாரு" என்பார். அந்த ஈக்களை வைத்து அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "திங்குது, பெருகுது, சாவுது. நமக்கென்ன வந்துச்சு?" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ஐடிஐ முடித்துவிட்டு, நான்கு வருடமாக ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். லோக்கல் ரயில் ஓட்டும் மோட்டர்மேன் ஆக வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு என்னைக் கூட்டிப்போவான். கீழே கல்யாண் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். "ஏ பாப்பா, அங்க பாரு. கீழ எரிஞ்சா நிக்கணும், மேல எரிஞ்சா போலாம்" என்று சிக்னலைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பான். எந்த நிறம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவில்லை என்று நானும் கவனித்ததில்லை.

அந்த வருடம் எழுத்துத் தேர்வில் அண்ணன் தேறிவிட்டான். உதவி ஓட்டுநர் வேலை. எங்கள் சந்தில் அன்று வீடுவீடாக லட்டு கொடுத்தோம். துணிப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் அம்மா அன்று மெஷினை மிதிக்கவில்லை. கல்யாணிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "எம் மருமவன் ரயிலு ஓட்டப் போறான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அது வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் நினைத்தோம். அண்ணனுக்கு ஜலதோஷம்கூட வருவதில்லை.

மெடிக்கலுக்குப் போன அன்று மாலை அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தான். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னல ஆச்சு?" என்றார் அப்பா.

"கண்ணு சரியில்லையாம்."

"கண்ணாடி போட்டா ஆச்சு."

"கண்ணாடிக்கெல்லாம் இது கேக்காதாம்ப்பா. எனக்குக் கலர் தெரியலையாம்."

யாருக்கும் புரியவில்லை. அம்மா தன் சேலை முந்தானையை நீட்டி, "இது என்ன கலருன்னு சொல்லு" என்றாள். பச்சைச் சேலை. அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "காப்பிக் கலர்" என்றான். அதற்கப்புறம் யாரும் எதையும் நீட்டிக் கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கூடப் படித்த ஒருவன் புள்ளிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் பல நிறப் புள்ளிகள் வட்டமாக நெருங்கிக் கிடக்கும். நடுவில் ஓர் எண் தெரியும். எனக்குத் தெரிந்தது. அண்ணனோ, கொட்டிக்கிடக்கும் பயறு மாதிரி இருக்கிறது என்றான். எனவே நான் அவனுக்கு டீச்சரானேன். எண்களை நான் படித்துச் சொல்ல, பக்க வரிசையை அவன் மனப்பாடம் செய்தான். ஓரத்தில் எந்தப் புள்ளி பெரியது, எங்கே இடைவெளி என்றெல்லாம் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டான். மூன்றே நாளில் புத்தகத்தை எப்படிப் புரட்டினாலும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குக் கலர் தெரிந்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

மறுபரிசோதனையில் டாக்டர் புத்தகத்தைத் தொடவே இல்லை. இருட்டறையில் உட்காரவைத்து, தூரத்தில் சின்னச் சின்ன விளக்குகளாகப் போட்டுக் காட்டினார். மேலே, கீழே என்றில்லாமல் ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக. சிவப்பை அவன் பச்சை என்றான். நல்ல மனிதர் போலிருக்கிறது. டீ வரவழைத்துக் கொடுத்து, 'பேட்டா, உன் பின்னால் ஒரு ரயில் ஜனம் உட்கார்ந்திருக்கும்' என்று இந்தியில் சொல்லி அனுப்பினாராம். அவர் திட்டி அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றான் அண்ணன். அதன்பின் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மா தட்டை வைப்பாள், எடுப்பாள். அப்பாகூட வேலைக்குப் போகும்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஆய்வுக்கூடத்தை வெளியாட்கள் வந்து பார்க்கும் நாள் வந்தது. "இவளையாவது கூட்டிட்டுப் போங்க, பிள்ளை வீட்டுக்குள்ளயே கெடக்கு" என்று அம்மாதான் என்னை அனுப்பிவைத்தாள்.

அப்பா சமைத்துப் போட்ட ஈக்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மராட்டிய அக்கா, நுண்ணோக்கியில் என் கண்ணை வைக்கச் சொன்னாள். மயங்கிக் கிடந்த ஈக்கள் எறும்பு அளவிலிருந்து கோழிக்குஞ்சு அளவுக்கு எழுந்து வந்தன. ஒன்றுக்கு இறக்கை பொரித்த அப்பளம் போல மேலே சுருண்டிருந்தது. ஒன்றுக்குக் கண்ணே இல்லை. எல்லாவற்றுக்கும் உடம்புக்குள் எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது, அதில் ஓர் எழுத்து பிழையானால் இப்படி ஆகும் என்றாள். கடைசியாகக் காட்டிய ஈக்களில் சிலவற்றுக்குக் கண் மாதுளை முத்து மாதிரி சிவப்பாகவும், சிலவற்றுக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகவும் இருந்தது. வெள்ளைக் கண் ஈக்குப் பார்வை சரியிராது என்றாள்.

"இது எல்லாம் ஒரே தாயோட பிள்ளைங்க. தாய்க்குக் கண் சிவப்புதான். ஆனா உள்ளே ஒரு வெள்ளை ஒளிஞ்சிருந்தது. அவளுக்கே தெரியாது. அவ பெத்த ஆண் ஈயில பாதிக்கு இப்படி" என்று இந்தியில் சொன்னாள்.

மனிதர்களுக்கும் இப்படி உண்டா என்று கேட்டேன். உண்டு, சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத குறை இதே மாதிரிதான் வரும், அம்மாவிடமிருந்து மகனுக்கு என்றாள். பெண் ஈக்கு எப்படி என்றும் விளக்கிவிட்டு, கெட்டிக்காரி என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். காரணம் தெரிந்தால் மருந்து இருக்கும். பதினொரு வயதில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அப்பாவிடம்கூடச் சொல்லாமல், வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று அடக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தை வந்திருந்தாள், ஆறுதல் சொல்ல. அவள் வாங்கி வந்த ஆப்பிள் ஓரமாகக் கிடந்தது. நான் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, ஒனக்கு எதனால இப்படின்னு கண்டுபிடிச்சிட்டேன். அம்மாட்ட இருந்துதான் வந்திருக்கு. அம்மாக்கு உள்ள ஒளிஞ்சிருந்து ஒனக்கு வந்துட்டு."

அப்புறம் மூச்சுவிடாமல் தாய் ஈ, ஆண் ஈ எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டிக்காரி என்று யாரும் சொல்லவில்லை. மெஷின் முன் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை துணியிலேயே நின்றுவிட்டது.

அத்தைதான் முதலில் அம்மாவைப் பார்த்துப் பேசினாள். "ஏட்டி, ஊர்ல ஒன் தம்பிகூட தக்காளில காயையும் பழத்தையும் ஒண்ணாப் பறிச்சிட்டு வருவானே. எல்லாரும் கேலி பண்ணுவாங்கள்லா? அப்ப இது ஒங்க வீட்டுச் சீக்கு. எந் தம்பி தலையில கெட்டி வச்சிட்டீக."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். பல நாட்களுக்குப் பின் அவன் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"சத்தியமாத் தெரியாதுய்யா. சின்னதுல பச்ச நூலு எடுத்தாடான்னா வேற எதையாவது எடுத்தாருவ. வெளாடுதன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்…"

"அப்ப தெரிஞ்சிருக்கு." அவன் சத்தம் போடவில்லை. "அன்னைக்கே யார்ட்டயாவது காட்டியிருந்தா, நாலு வருசம் இதையே படிச்சிருக்க மாட்டேம்லா. வேற எதுக்காவது போயிருப்பேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பத்து வருடம் அந்த ஈக்களுக்குச் சோறாக்கிய அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அதை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

மறுநாள் அத்தையோடு அண்ணன் கல்யாணுக்குப் போனான். அங்கே ஒரு பிளாஸ்டிக் குடோனில் சுமை ஏற்றும் வேலை கிடைத்தது. நாலு நாளில் வந்துவிடுவான் என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டுக்கு அவன் திரும்பி வரவே இல்லை. அத்தையும் தன் பெண்ணை அவனுக்குக் கொடுக்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறான். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பான். அம்மா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். மணி அடித்து அடித்து நிற்கும்.

அவன் போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பட்டறைத் துணி மூட்டை பிரிக்காமலே கிடந்தது. நான் செய்தது தப்பு என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் அம்மா தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஈயில பொட்டைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசிவிட்டாள், அதுவும் ஈயைப் பற்றி. எனக்கு உற்சாகமாகிவிட்டது. "ஒண்ணும் ஆகாதும்மா. அதுக்குக் கண்ணு நல்லா செகப்பா இருக்கும்."

"அப்புறம் அது முட்டை போட்டா?"

"அதுக்குள்ளயும் வெள்ளை ஒளிஞ்சிருக்கலாம்மா. பாதிக்குப் பாதி. இருந்தா, அதோட ஆம்பளப் பிள்ளைக்கு வரும். இருக்கா இல்லையான்னு அதுக்கே தெரியாது. அது பாட்டுக்குப் பறந்துட்டு இருக்கும்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கம்மல் காதில் குத்தி வலித்தது. அவள் உடம்பு முழுவதும் குலுங்கியது. இத்தனை நாள் அழாதவள் இப்போது ஏன் அழுகிறாள் என்று நான் யோசித்தேன். அண்ணன் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். "அழாதம்மா, அண்ணன் வந்துருவான்" என்று, அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, வெகுநேரம் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.