பக்கிள் அக்கா

மணிலாவின் ரயோன் தெருவில் மரிவிக்கைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'பக்கிள் அக்கா' என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கிட்டார் கடையில் விற்பனையாளராக இருந்தவள். தொண்ணூறாயிரம் பெசோ கிட்டாரானாலும், யார் கேட்டாலும் வாசிக்க எடுத்துக் கொடுப்பாள். ஒரே நிபந்தனை, பெல்ட் பக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிட்டாரின் முதுகு கீறிப்போகும்.

"திருப்பு ராசா! அது கிட்டாரோட முதுகு, நீ சொறியறதுக்கு இல்ல!"

எதிரே மைக் விற்கும் எனக்கு அந்தக் குரல் கேட்டால்தான் பொழுது விடியும்.

போன மாதம் எஸ்குவேரா என்ற வக்கீல் வந்தார். பெல்ட்டைத் திருப்பச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. "இது கடையா, ஏர்போர்ட்டா?"

முதலாளி ரெனான் ஓடிவந்தான். "சாருக்கெல்லாம் அது வேணாம், மரிவிக்." தானே கிட்டாரை நீட்டினான். வக்கீல் அரைமணி நேரம் வாசித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். பார்த்தால் கிட்டாரின் முதுகில் விரல் நீளத்துக்குக் கீறல்.

வக்கீலைக் கேட்க ரெனானுக்கு வாய் வருமா? "காலைல ஜீப்னி வண்டி ஓட்டுற போயெட் வாசிச்சான்ல? அவன் வேலைதான். இனிமே அவன் உள்ள வரக்கூடாது."

மரிவிக் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. "அவன் போட்டிருந்தது எலாஸ்டிக் டவுசர் முதலாளி! பக்கிள் எங்க இருந்துச்சு, தொப்புள்லயா?"

எல்லோரும் சிரித்தோம். ரெனான் சிரிக்கவில்லை. மறுநாள் கிட்டார்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டன. வாங்குகிறவர்கள் மட்டும் தொடலாம் என்று ஒரு பலகை வேறு. போயெட் அதைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனான். வாசித்துப் பார்க்காமல் எவன் கிட்டார் வாங்குவான்?

சனிக்கிழமை வக்கீல் வந்து அதே கிட்டாரைக் கேட்டார். புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "கீறல் இருக்கே! கண்டவனும் தொட்டிருக்கான். யாரும் தொடாத புதுசு கொடுங்க."

"அது உங்க பக்கிள் போட்ட கோடு, சார்" என்றாள் மரிவிக்.

ரெனான் பதறினான். "சார்கிட்ட மன்னிப்பு கேளு. இல்ல, சாவிய வெச்சிட்டுக் கிளம்பு."

அவள் சாவியை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ரெனான் புதுக் கிட்டாரை எடுத்துக் கொடுத்தான். வக்கீல் அதை மடியில் சாய்த்துக்கொண்டார். பக்கிள் முன்னால்தான் இருந்தது. எதிரே நின்று பார்த்த நானாவது கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகக் கீறட்டும்.