பொம்மைத் தலை மட்டம்

வாசலுக்கு வெளியே நின்றபடியே குனிந்து, படியைத் தாண்டிக் கையை நீட்டி, வீட்டின் தரையைத் தொட்டுப் பார்க்கிறார் திரௌபதி. ஈரம். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறார். விருத்தாசலத்தில் கோயிலை ஒட்டிய தெற்கு வீதியில், ராஜாங்கம் வீட்டு வாசலில், பெருமழை பெய்த மறுநாள் காலையில் எல்லாம் இது நடக்கும். பதினெட்டு வருஷமாக நடக்கிறது.

"உள்ள வாயேம்மா, டீ குடிச்சிட்டுப் போ" என்பார் ராஜாங்கம். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வேணாங்கய்யா. நான் போட்ட ரோட்டுத் தண்ணி உள்ள பூந்து நிக்குது. நான் வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

பிடிவாதமா என்றால் பிடிவாதம்தான். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், தார் வாளி தூக்கித் தூக்கி ஒரு பக்கமாக இறங்கிய தோள், காலில் ஆம்பளைச் செருப்பு. ரோடு வேலைக்கு வரும் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரசமட்டம் வைக்காமலே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு ஊற்றிப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்பதில், சித்தாளாக அவர் போன முதல் ரோடு இந்தத் தெற்கு வீதிதான். அதற்கு முன் நாலு வருஷம் செராமிக் கம்பெனியில் வேலை; சூளைச் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய ரோட்டைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, உருளையை ஓட்டினார்கள். வீதி பளபளவென்று இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். பத்தாம் நாள் மழை. வீதித் தண்ணீர் மொத்தமும் ராஜாங்கம் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே அவர் மனைவி பூங்கோதை, பிறந்து மூன்று நாளான பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். ஜல்லி சுமந்த அதே இரும்புச் சட்டியால் பொழுது சாயும்வரை தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார் திரௌபதி. அன்றைக்கு அந்த வீட்டை விட்டு வெளியே வந்தவர்தான். அப்புறம் படி ஏறவில்லை.

அடுத்த வாரம் செராமிக் பேட்டைக்குப் போய், கம்பெனிகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் கழிவுப் பீங்கானைக் கிளறினார். கழுத்தோடு உடைந்த ஒரு செட்டியார் பொம்மையின் தலை கிடைத்தது. ராஜாங்கம் வீட்டு வாசலோரம் குழி தோண்டி, பழைய ரோடு எந்த மட்டத்தில் இருந்ததோ சரியாக அந்த மட்டத்தில், பொம்மையின் உச்சந்தலை நிற்கும்படி சுவரில் பதித்துச் சிமெண்ட் பூசினார். இப்படியே இருபத்திரண்டு வீட்டுக்கும் இருபத்திரண்டு தலை! யாரும் சொல்லிச் செய்யவில்லை. செய்ததற்கு யாரும் பாராட்டவும் இல்லை. திருஷ்டிக்கு வைக்கிறாள் என்றுதான் வீதியில் நினைத்தார்கள். குழியை மூடுவதற்கு முன்னால் ஒரு வீட்டில் குங்குமம்கூட வைத்தார்களாம்.

அதற்குப் பிறகு மூன்று முறை அந்த வீதிக்கு ரோடு போட்டார்கள். மூன்று முறையும் பழையதன் மேலேயே போட்டார்கள். ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குவதற்கு முதல் நாள் திரௌபதி கரணையோடு வந்துவிடுவார். இரண்டாவது ரோட்டுக்கு முன்னால் காது உடைந்த டீ கப்பு. மூன்றாவதற்கு முன்னால் சாசர். நான்காவதற்கு முன்னால் கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பீஸ் கட்டை. எழுதத் தெரியாதவர் வைத்துக்கொண்ட கணக்கு இது. "கப்பு வச்ச வருசந்தான் எம்பொண்ணு பெரிய மனுசி ஆனா" என்று சொல்வார்.

வீதி ஏற ஏற வீடுகள் இறங்கின. தேக்குத் தூணும் முற்றமுமாக இருந்த நாலு வீடுகளை இடித்துவிட்டு லாட்ஜும் கடைகளும் எழும்பிவிட்டன. ராஜாங்கம் வீட்டுக்கும் புரோக்கர்கள் நடையாய் நடந்தார்கள். "இன்னும் ஒரு மழை பாக்குறேன். திரும்பவும் தண்ணி பூந்துச்சின்னா கையெழுத்துப் போட்டுர்றேன். இடிச்சிக்கிட்டும்" என்று அவரும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆனி மாதம் அது. அந்த மாதமே தெற்கு வீதிக்குச் சிமெண்ட் ரோடு போட உத்தரவு வந்தது. வேலைக்கு ஆள் கேட்டு வந்தது திரௌபதியிடம்தான்.

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சாமிதுரை வெளியூர்க்காரர். "கொத்துறதெல்லாம் இல்லக்கா. இருக்குற ரோட்டு மேலயே எட்டு இஞ்ச். ஆள இறக்குங்க" என்றார்.

"இதுக்கு மேல ஒரு இஞ்ச் ஏறுனாலும் ராஜாங்கம் அய்யா வூடு முழுகிப் பூடும் தம்பி."

"அது உங்களுக்கு எதுக்குக்கா? போடச் சொன்னா போடுங்க."

"நான் போடமாட்டேன்" என்று சட்டியைத் தரையில் கவிழ்த்தார் திரௌபதி. அடுத்தடுத்துப் பன்னிரண்டு சட்டிகள் கவிழ்ந்தன. வேலை அன்றோடு நின்றது. சாமிதுரை தலையில் கையை வைத்துக்கொண்டு போன் போடப் போனார். திரௌபதி கடப்பாரையை எடுத்தார். ராஜாங்கம் வீட்டு வாசலோரம், சுவரை ஒட்டி, ஒற்றை ஆளாகக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் சண்முகப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போது குழி இடுப்பளவு ஆகியிருந்தது. இருபத்தாறு வயதுப் பெண். கோபமாகத்தான் வந்தார். குழியை எட்டிப் பார்த்தார்.

சுவரில் மேலிருந்து கீழாக பீஸ் கட்டை, சாசர், கப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், மண் படிந்த முகத்தோடு, மேலே பார்த்துக்கொண்டு ஒரு பொம்மைத் தலை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அடையடையாகத் தாரும் ஜல்லியும். அடேயப்பா! ஊரின் பதினெட்டு வருஷத்தை ஒரு மனுஷி சுவரில் ஆணி அடித்தது மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். பொம்மைக்கும் கீழே, குழியின் அடியில், வழவழவென்று தேய்ந்த ஒரு கருங்கல் பலகை தெரிந்தது.

சண்முகப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். "இது எந்தக் காலத்துக் கல்லும்மா?"

"யாருக்குத் தெரியும் மேடம். நாம போட்டது இல்ல. கோயிலு கட்டுனவங்க நடந்ததோ என்னமோ. இத்தினி நாளா அவுங்க தலை மேலதான் நாம குந்திக்கினு இருக்குறோம்."

"மத்த வீட்டுலயும் இந்த மாதிரி இருக்குதா?"

"இருபத்திரண்டு வச்சேன். இடிச்சது நாலு. மிச்சம் பதினெட்டும் இருக்குது. தோண்டிப் பாருங்க, நூல் புடிச்ச மாதிரி இருக்கும்."

தோண்டினார்கள். கருவி வைத்துப் பார்த்தார்கள். வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஆற்றுப் பக்கம் சீராகச் சரிந்துகொண்டே போனது பொம்மைத் தலைகளின் வரிசை. அரை விரல் பிசகில்லை. சண்முகப்ரியா நோட்டைத் திறந்து, ரோட்டை முடிக்கும் மட்டம் என்ற இடத்தில் 'பொம்மைத் தலை' என்று எழுதினார். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து உத்தரவு வாங்கிவந்தார். பழைய ரோடு நாலையும் இயந்திரம் கொத்தி எடுத்தது. சாமிதுரை முணுமுணுத்துக்கொண்டே லாரி லாரியாக அள்ளிப் போனார். புது ரோட்டின் விளிம்பு பொம்மைகளின் உச்சந்தலையை உரசிக்கொண்டு நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலை திரௌபதி ராஜாங்கம் வீட்டு வாசலுக்கு வந்தார். வழக்கம்போல் வெளியே நின்று, குனிந்து, படியைத் தாண்டிக் கையை நீட்டினார். தரையைத் தொட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொட்டார்.

"என்னாம்மா?" என்றார் ராஜாங்கம்.

திரௌபதி ஆம்பளைச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். படியேறி உள்ளே போய், தேக்குத் தூணில் முதுகைச் சாய்த்து, காய்ந்த தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "டீ போடச் சொல்லுங்கய்யா" என்றார்.