சிலிண்டருக்குள் டீசல் வாடை

வளைகுடாவில் கடலுக்குள் மூழ்கி வேலை பார்த்த என் அண்ணன், ஊர் திரும்பி அதையே தொழிலாக்கினான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். தண்ணீருக்கடியில் அவன் சுவாசிக்கும் சிலிண்டரில் கம்ப்ரசரால் காற்று நிரப்புவது என் பொறுப்பு.

சீர்காழிப் பக்கம் அடைமழை. வடிகால் ஷட்டரில் மரம் சிக்கித் திறக்க முடியாமல் வயல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. இறங்கி அதை எடுக்க அண்ணனை அழைத்திருந்தார்கள். கரையில் சிலிண்டரை நிரப்பி, வால்வை லேசாகத் திறந்து முகர்ந்தேன். டீசல் வாடை. காற்று திசைமாறி, பக்கத்து வயலில் தண்ணீர் இறைத்த இன்ஜினின் புகை கம்ப்ரசர் வழியாக உள்ளே போயிருந்தது. அதைச் சுவாசித்தால் அண்ணன் தண்ணீருக்கடியிலேயே மயங்கிவிடுவான்.

“இதோட எறங்காதண்ணே. மறுபடி நிரப்பணும்.”

“படிச்ச பொண்ணு மோந்துக்கிட்டே நிக்கட்டும், பயிரு முங்கட்டும்” என்றார் கரையில் கூடியிருந்த விவசாயிகளில் ஒருவர்.

அண்ணனும், “கொஞ்ச நேர வேலைதானே, எறங்கிடுறேன்” என்றான்.

நான் வால்வை முழுவதும் திறந்துவிட்டேன். காற்று சீறி வெளியேறியது. கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. சுற்றிலும் வெள்ளம், கம்ப்ரசரை வேறிடத்துக்கு நகர்த்தவும் வழியில்லை.

அப்போது பக்கத்து வயலின் இன்ஜின்காரர் வந்து குனிந்து வால்வை முகர்ந்தார். போய்த் தன் இன்ஜினை நிறுத்தினார்.

“இப்ப நிரப்பும்மா.”

நான் நிரப்பி முடிக்கும்வரை, தன் பயிர் மூழ்குவதைப் பார்த்தபடி வரப்பில் நின்றார். பிறகு அண்ணன் இறங்கி ஷட்டரை விடுவித்தான்.

வால்வைத் திறந்துவிட்டதில் எனக்கு இன்றும் பெருமைதான். அந்த வயல் என்னுடையதாக இருந்திருந்தால் இன்ஜினை நிறுத்தியிருப்பேனா என்று மட்டும், ஒவ்வொரு முறை வால்வை முகரும்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.