செமினி வீட்டுச் சுவரில் சிவந்த கை

குமுதா ஆரத்தி எடுக்காத கல்யாணங்களும் கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததுண்டு. அந்தத் தம்பதிகளின் இன்றைய நிலையைக் கேட்டால் குமுதாவே விவரமாகச் சொல்வாள். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, லோரி ஓட்டும் லோகனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து, தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து ஓய்வு பெற்றவள். அரசாங்கம் அவளுக்கு டத்தின் படுகா பட்டம் தர மறந்துவிட்டது. ஜனங்கள் மறக்கவில்லை; கைராசிக்காரி என்றார்கள். அவள் வளையல் போட்டுவிட்டால் சுகப்பிரசவம். அவள் மஞ்சள் தெளித்த வீட்டில் கூரைகூட ஒழுகாது. இதை முதலில் நம்பியவள் குமுதாதான்.

அந்த ராசிக்குச் செமினியில் ஒரு புது வீட்டில் ஆபத்து வந்தது.

வீடு தனேஷுடையது. அவன் மனைவி விஷ்ணுப்ரியா ஆறு மாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் வளைகாப்பு. முதல் வளையல் குமுதா கையால் என்று பேச்சு. அதற்கு முன் கிரகப்பிரவேசம். ஜோசியர் குறித்த நாளைத் தள்ளிப்போட முடியாது, வீடு கட்டும் குத்தகைக்காரர் பேச்சை நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில், பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு முதல்நாள் மாலைதான் சிமெண்டு பூசி முடித்திருந்தார்கள். சாயம் அடிக்கவில்லை. "சாமி பெயிண்டு கேக்காது," என்று தனேஷின் அம்மா இராஜம்மா தீர்ப்பு வழங்கிவிட்டாள். மின்சாரமும் வந்திருக்கவில்லை.

விடியற்காலை. ஒற்றைக் குத்துவிளக்கு வெளிச்சத்தில் குமுதா மாவிலையால் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். உள்ளே குகையின் குளிர். உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்து, வழக்கப்படி சுவரில் பதித்தாள். ஈரச் சுவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யோசித்துவிட்டு விட்டதுபோல் இருந்தது.

முதலில் விரல்நுனிகள் கறுத்தன. பிறகு ஆரஞ்சு. பிறகு ஐந்து விரல்களும் உள்ளங்கையும் ஒன்றாகச் சிவந்தன. தெளித்த துளிகளும் சிவந்து, சுவரில் மெல்ல இறங்கின.

"ஆன்டி," என்றாள் பின்னால் நின்ற விஷ்ணுப்ரியா. "செவுத்துல ரத்தம் வருது."

பால் பொங்குவதற்கு முன் கூட்டம் பொங்கி வெளியே வழிந்தது.

தனேஷ் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிக்கிறவன். விஞ்ஞானத்துக்காகக் குரல் கொடுத்தான். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று.

"பேயும் இல்ல, ஒன்னும் இல்ல லா. பி.எச்னு ஒரு ஸ்கேல் இருக்கு. ஜீரோலேர்ந்து பதினாலு. ஏழு நடுவுல, சுத்தமான தண்ணி. அதுக்குக் கீழ போனா ஆசிட், எலுமிச்சம்பழம் மாதிரி. மேல போனா அல்கலி, சவுக்காரம் மாதிரி. புது சிமெண்டு பதிமூணுகிட்ட நிக்கும். மஞ்சள் அல்கலியத் தொட்டா செவந்துரும். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா உள்ள போயி வெளக்க எடுத்துட்டு வா," என்றாள் இராஜம்மா.

தனேஷ் மேலும் சில நுட்பங்களை விளக்கினான். "ஒரு நம்பர் ஏறுனா பத்து மடங்கு பவரும்மா. ஏழுலேர்ந்து பதிமூணுன்னா பத்து லட்சம் மடங்கு."

"பத்து லட்சம் மடங்கா!" கூட்டம் இன்னும் நாலடி பின்வாங்கியது.

"நீ என்னமோ சொல்லு. அவ கை பட்ட எடத்துலதான் செவந்துச்சு," என்றாள் இராஜம்மா. ஆராய்ச்சியாளர்கள் பொறாமைப்படத்தக்க துல்லியம் அது.

குமுதா கிள்ளானுக்குத் திரும்புவதற்குள் செய்தி வந்து அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. கைப்பேசி ஊமையானது. வளைகாப்புக்கு 'குமுதாவச் சிரமப்படுத்த வேணாம்' என்று இராஜம்மா சொல்லியனுப்பினாள்.

அன்று மாலை குமுதா சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள். ரேகைகளில் தங்கியிருந்த மஞ்சள் சிவந்து, தொட்டியில் சுழன்றது. ஆயுசு முழுக்க அப்படித்தான் சுழன்றிருக்கும்; அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். குழாய் மூடிய பிறகும் வடிகால் கொஞ்ச நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கை இன்னும் தன்னுடையதுதானா என்று தெரிய வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. தட்டு சிவந்தது. இத்தனை காலம் தன் கையாலேயே கரைத்து, எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குச் சுற்றிய அதே சிவப்பு! சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரே சாதிதான். மெதுவாக ஓர் எலுமிச்சையைப் பிழிந்தாள். தட்டு மஞ்சளானது.

"யாருக்குப் புள்ள ஆரத்தி?" என்றார் லோகன்.

"செவுத்துக்கு."

மறுநாள் மதியம் லோகன் லோரியில் செமினிக்குக் கொண்டுபோய் விட்டார். குமுதா ஒரு கூடை எலுமிச்சையோடு தனியாக உள்ளே போனாள். மற்றவர்கள் ஜன்னல் கம்பிகளில் முகம் பதித்தார்கள். அந்தக் கை அங்கேயே இருந்தது, முன்னிலும் இருண்டு. தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

எலுமிச்சையைப் பிழிந்தாள். சுவர் சீறியது. பல்லிடுக்கில் யாரோ மூச்சு விடுவதுபோல் நுரைத்து, விரல் விரலாக மஞ்சளுக்குத் திரும்பியது.

"போயிருச்சு!" என்று ஜன்னல் அலறியது. இராஜம்மா உள்ளே ஓடிவந்து குமுதாவின் காலிலேயே விழுந்தாள்.

"ஆன்டி, ஆசிட்டும் அல்கலியும் சமமாகுது, வேற ஒன்னுமில்ல. நீங்களே சொல்லுங்க, என் பேச்ச யாரும் கேக்க மாட்றாங்க," என்று கெஞ்சினான் தனேஷ்.

குமுதா வாயைத் திறந்தாள். சொன்னால் கை சுத்தமாகும். ஆனால் யார் தொட்டாலும் சிமெண்டு சிவக்கும், யார் பிழிந்தாலும் எலுமிச்சை மாற்றும். அப்புறம் கைராசி என்று ஒன்று எதற்கு? வாயை மூடினாள். முதுகுக்குப் பின்னால், சிமெண்டின் காரம் எலுமிச்சையைத் தின்று தீர்க்க, சுவரில் இருந்த விரல்நுனிகள் மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தன. ஓரக்கண்ணால் அதைக் கண்டவள் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, "இன்னிக்கே பெயிண்டு அடிச்சிருங்க," என்றாள்.

வளைகாப்புக்கு அழைப்பு வந்தது. பட்டுப் புடவையில் போனாள். வளையல் தட்டை நோக்கி அவள் கை நீண்டபோது விஷ்ணுப்ரியா வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"நீ தொடாத குமுதா," என்று இராஜம்மா பயபக்தியோடு தடுத்தாள். "பேயத் தொட்ட கை. வாசல்ல நில்லு. எதாச்சும் வந்தா வெரட்டு."

அவள் கையில் மரியாதையாக ஓர் எலுமிச்சையைக் கொடுத்தார்கள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. குமுதா வாசலில் நின்றாள். வந்தவர்கள் அவளைக் கும்பிட்டுவிட்டு, அவள் நிழல் படாத பக்கமாக உள்ளே போனார்கள்.